ரீல்ஸ்ல பிச்சு உதறுறேன், சொந்த வசனம்னா ஒப்பிக்கிற மாதிரி வருது – காரைக்குடில இருந்துக்கிட்டே நடிப்பு கத்துக்க முடியுமா?

காரைக்குடில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. வயசு 24, ஜவுளிக்கடைல சேல்ஸ்மேன், காலைல போனா ராத்திரி கடை சாத்துற வரைக்கும் நின்னுக்கிட்டேதான் வேலை, வாரத்துல ஒரு நாள் லீவு. ரீல்ஸ்ல சினிமா டயலாக் பேசி போடுறாரு, ஊருக்குள்ள நல்ல பேரு. ஆனா ஃப்ரெண்ட்ஸ் எடுத்த ஷார்ட் பிலிம்ல சொந்தமா வசனம் பேசினப்ப டைரக்டர் "செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி இருக்குடா"ன்னு சொல்லிட்டாராம். சென்னைல ஒரு ஆக்டிங் கிளாஸ்ல மூணு மாசத்துக்கு 80 ஆயிரம் கேக்குறாங்க, கடன் வாங்கி போலாமா, இல்ல ஊர்லயே கத்துக்க வழி இருக்கான்னு கேக்குறாரு.

தம்பி, இப்போதைக்கு கடன் வாங்காதீங்க, வேலையையும் விடாதீங்க. வசனம் ஏன் ஒப்பிக்கிற மாதிரி வருதுன்னு தெரியாம எந்த கிளாஸ்ல போய் நின்னாலும் அதே ராகத்துலதான் பேசிட்டு வருவீங்க.

காரணம் இதுதான். ரீல்ஸ்ல நீங்க பண்றது ஏற்கெனவே ஒரு நடிகர் பேசி முடிச்ச வசனம், எங்க நிறுத்தணும் எங்க குரல ஏத்தணும்னு எல்லாத்தையும் அவரு முடிவு பண்ணி வச்சுட்டாரு, நீங்க அத அச்சு அசலா புடிக்கிறீங்க, அதுவும் ஒரு தெறமைதான், காது நல்லா பழகியிருக்கும். ஆனா அதுல எதிர்ல ஆளே கிடையாது. அதே பழக்கத்துல, சொந்த வசனம் கைக்கு வந்ததும் இந்த எடத்துல கோவம், இந்த எடத்துல குரல் தழுதழுக்கணும்னு மனசுக்குள்ள ஒரு மெட்டு போட்டுத்தான் மனப்பாடம் பண்ணிருப்பீங்க, அப்புறம் ஷூட்டிங்ல எதிர்ல நிக்கிறவரு கத்தினாலும் சரி முணுமுணுத்தாலும் சரி உங்க மெட்டு மாறாது. நாட்டிய சாஸ்திரத்துல அபிநயத்த ஆங்கிகம், வாசிகம், ஆஹார்யம், சாத்விகம்னு நாலா பிரிச்சு சொல்லிருக்கு, அதாவது ஒடம்பு, பேச்சு, வேஷமும் உடையும், உள்ள இருந்து வர்ற உணர்வு. நீங்க வாசிகத்த மட்டும் புடிச்சு தொங்கிட்டு இருக்கீங்க.

அதனால வசனம் பாடம் பண்ற முறையில இருந்தே மாத்துங்க. உணர்ச்சி எதுவும் போடாம, மளிகை சாமான் லிஸ்ட் படிக்கிற மாதிரி தட்டையா பாடம் பண்ணுங்க, அதுவும் உக்காந்துக்கிட்டு வேணாம், கடைல கஸ்டமர் பிரிச்சு போட்டுட்டு போன சேலைய மடிச்சு அடுக்குறீங்கல்ல அப்ப வாய்க்குள்ளயே சொல்லிப் பாருங்க. கை ஒரு வேலையில இருக்கணும், வசனம் தடங்கல் இல்லாம வரணும். கொஞ்ச நாள்ல அது எந்த மெட்டுலயும் ஒட்டாம நாக்குல தங்கிரும், அதுக்கப்புறம் எதிர்ல இருக்கறவரு எப்படி பேசுறாரோ அதுக்கு ஏத்தபடி அது தானா வளைஞ்சு குடுக்கும். மேலநாட்டு நாடகப் பள்ளிகள்லயும் இப்படி தட்டையா பாடம் பண்ண வைக்கிற முறை இருக்கு, உங்களுக்கு சேலை மடிக்கிற வேலை இருக்கறதால இது இன்னும் சுளுவு.

அடுத்தது, இந்த ஆளுக்கு என்ன வேணும்ங்கற கேள்வி. ரஷ்யாவுல ஸ்டானிஸ்லாவ்ஸ்கின்னு ஒருத்தர், 1898ல மாஸ்கோ ஆர்ட் தியேட்டர இன்னொருத்தரோட சேர்ந்து ஆரம்பிச்சவரு, நடிகருக்கு அவரு சொல்லிக் குடுத்ததுல முக்கியமானது இது. நீ கோவப்படு, அழு, சிரின்னு யோசிக்காத, இந்த மனுஷன் எந்த சூழ்நிலையில நிக்கிறான், எதிர்ல இருக்கறவங்க கிட்ட இருந்து அவனுக்கு என்ன ஆகணும், அதுக்கு என்ன குறுக்க நிக்கிது, இத யோசி. உணர்ச்சி பின்னாடியே வரும்.

இத படிச்சு புரிஞ்சுக்கறத விட உங்க கடைல பாத்து புரிஞ்சுக்கலாம். ஒரு ஆச்சி கண்டாங்கி சேலை எடுக்க வர்றாங்கன்னு வைங்க. உள்ள வந்ததுமே அந்த அரக்குக் கலர் சேலை அவங்க கண்ணுல பட்டுருச்சு, மனசுக்குள்ள முடிவும் பண்ணிட்டாங்க, ஆனா அத தொடவே மாட்டாங்க. வேற ரெண்ட எடுத்துப் போடச் சொல்லுவாங்க, துணிய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு தேய்ச்சுப் பாப்பாங்க, முந்திய திருப்பி பின்பக்கம் பாப்பாங்க, சாயம் போகுமான்னு கேப்பாங்க, எல்லாம் முடிஞ்சு எந்திரிக்கப் போறப்ப உங்க மூஞ்சிய பாக்காமலே "அது என்ன வெல போட்டிருக்கீக"ன்னு அரக்குச் சேலைய தாடையால காட்டுவாங்க. ஆசைப்பட்டது தெரிஞ்சா வெல கொறையாதுங்கறதுதான் அங்க இருக்கற சங்கதி. "எனக்கு இது புடிச்சிருக்கு"ன்னு ஒரு வார்த்தை வசனத்துல கிடையாது, ஆனா ஒடம்பு பூராவும் அதத்தான் மறைக்கப் பாக்குது. இந்த ஒரு காட்சிய மனசுல வாங்கிக்கிட்டு ராத்திரி வீட்டுல ஆச்சியா நடிச்சுப் பாருங்க. அவங்க குரல மிமிக்ரி பண்ணாதீங்க, அவங்களுக்கு என்ன வேணும்ங்கறத மட்டும் எடுத்துக்கங்க. இப்படி தினமும் ஒரு ஆள், ஒரு நோட்டுல ரெண்டு வரி எழுதி வைங்க, கை எங்க இருந்துச்சு, எத மறைச்சாங்கன்னு.

கூட ஒரு ஆள் கிடைச்சா இந்தப் பயிற்சி பண்ணுங்க, கடைல வேல பாக்குற ஃப்ரெண்டா இருந்தாலும் போதும். நாலே வரி. "எங்க போயிருந்த?" "சும்மா, கோயிலுக்கு." "இவ்வளவு நேரமா?" "கூட்டமா இருந்துச்சு." கேக்குறது நீங்க, அண்ணன் வேஷம்; பதில் சொல்றவரு தம்பி வேஷம். வசனத்துல ஒரு எழுத்தும் மாத்தக் கூடாது, ஆனா ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு வேண்டியத மாத்துங்க. ஒரு தடவை தம்பி பொய் சொல்றான்னு தெரியும், அவன் வாயாலயே உண்மைய வரவைக்கணும். அடுத்த தடவை அவன பஸ் ஸ்டாண்டுல நீங்களே பாத்துட்டீங்க, பாத்தது அவனுக்கு தெரியக் கூடாது. இன்னொரு தடவை வீட்டுல ஒரு கெட்ட செய்தி, அத சொல்றதுக்கு முன்னாடி அவன கொஞ்சம் உக்கார வைக்கணும். "இவ்வளவு நேரமா"ங்கற அதே ரெண்டு வார்த்தை மூணு விதமா வரும், நீங்க எந்த மெட்டும் போட்டிருக்க மாட்டீங்க. பேசுறத விட கேக்குறதுதான் இதுல கஷ்டம். அவன் "கூட்டமா இருந்துச்சு"ன்னு சொல்றப்ப கண்ண தாழ்த்துறானா, வேகமா சொல்றானா, அத நெசமாவே பாத்துட்டு அப்புறம் வாயத் தொறங்க.

கேக்குறதுன்னா என்னன்னு கண்ணால பாக்கணும்னா நம்ம பக்கம் கோயில் திருவிழால போடுற வள்ளி திருமணம் நாடகத்துக்கு போய் உக்காருங்க. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதினது, அவரு 1922லயே காலமாயிட்டாரு, அவரு நாடகம் இன்னும் மதுரை, புதுக்கோட்டை, செட்டிநாட்டு கிராமங்கள்ல விடிய விடிய நடக்குது. ஸ்பெஷல் நாடகம்னு சொல்ற இந்த முறையில ராஜபார்ட்ங்கற கதாநாயகன் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட்ங்கற கதாநாயகி ஒரு ஊரு, சிரிக்க வைக்கிற பபூன் வேற ஊரு, ஆர்மோனியம் வாசிக்கிறவரு இன்னொரு ஊரு, ஒத்திகையே கிடையாது, சாயங்காலம் வந்து இறங்கி மேக்கப் போட்டு ராத்திரி மேடை ஏறிடுறாங்க. நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் நடக்கும் பாருங்க, அதுல அவரு என்ன கேள்வி போடுவாருன்னு அந்தம்மாவுக்கு முழுசா தெரியாது, காத தீட்டி வச்சுக்கிட்டு நின்னாத்தான் பதில் சொல்ல முடியும். அதனால பேசுறவர பாக்காதீங்க, கேட்டுக்கிட்டு நிக்கிறவங்கள பாருங்க, முடிஞ்சா மேடை ஓரமா ஆர்மோனியப் பெட்டி பக்கத்துல எடம் புடிங்க. வேடனா வந்த முருகன் கொஞ்ச நேரத்துல கெழவனா வருவாரு, அப்ப தாடியையும் தடியையும் விட்டுட்டு முதுகும் முழங்காலும் எப்படி மாறுதுன்னு கவனிங்க. விடிஞ்சு டீக்கடைல அவங்கள பாத்தா பேச்சு குடுங்க, பெரும்பாலும் பிரியமா சொல்லிக் குடுப்பாங்க. நம்ம ஊர்ப்பக்கம் இருக்கற இந்த மேடைய விட்டுட்டு நடிப்பு சென்னைலதான் இருக்குன்னு நம்ம பசங்க நெனைக்கிறது எனக்கு ரொம்ப வருத்தம்.

நம்ம மண்ணுக்கு இது புதுசு இல்ல தம்பி. மனோரமா வளர்ந்தது பள்ளத்தூர்ல, மேடை ஏறினதும் அங்கதான், எந்த ஆக்டிங் ஸ்கூல் இருந்துச்சு அப்ப. 1947ல வந்த நாம் இருவர் படத்த ஏவி.எம். எடுத்தது நம்ம தேவகோட்டை ரஸ்தாவுலதான், அதுல வி.கே.ராமசாமிக்கு வயசானவர் வேஷம், நெசத்துல அப்ப அவருக்கு இருபத்தி சொச்சம்தான், நாடக மேடைல தேறி வந்த ஒடம்பு அது.

குரலுக்கு ரொம்ப மெனக்கெட வேணாம், தினமும் கால் மணி நேரம் போதும். தரைல மல்லாக்க படுத்து வயித்து மேல ஒரு புஸ்தகம் வச்சு, மூச்சு இழுக்குறப்ப அது மேல வருதான்னு பாருங்க, நெஞ்சு மட்டும் ஏறி எறங்குச்சுன்னா மூச்சு ஆழமா போகலன்னு அர்த்தம், அப்படி பேசினா நீள வசனத்துல தொண்டை கட்டிரும். அப்புறம் வாய மூடி ஹம்மிங், அப்புறம் கம்பராமாயணத்துல ஒரு பாட்டு சத்தமா, சீர் பிரிச்சு. நம்ம ஊர்ல 1939ல இருந்து கம்பன் விழா நடக்குது, அங்க பேசுறவங்க பாட்ட எங்க நிறுத்தி எங்க விடுறாங்கன்னு கேட்டாலே நெறைய புரியும். ழகரம் சுத்தமா வரணும், ஆனா நம்ம ஊர்ப் பேச்ச தொலைச்சுராதீங்க, அத கேட்டு வர்ற வேஷங்க இருக்கு.

கேமரான்னு வந்தா ரீல்ஸ் பழக்கம் ஒண்ண கட்டாயம் விடணும், லென்ஸ பாத்து பேசுறது. ஆடிஷனுக்கு வீடியோ கேட்டா, வேற மாதிரி சொல்லாத வரைக்கும், போன படுக்க வச்ச வாக்குல நிறுத்தி, இடுப்புக்கு மேல தெரியற மாதிரி, ஜன்னல் வெளிச்சம் மூஞ்சில விழுற மாதிரி, பின்னாடி வெறும் சுவரா வச்சு எடுங்க. எதிர் வசனம் படிக்கிறவர போனுக்கு ஒட்டினாப்புல உங்க கண் மட்டத்துல நிக்க வச்சு அவர பாத்து பேசுங்க. கானாடுகாத்தான், ஆத்தங்குடி வீடுகள்ல ஷூட்டிங் நடந்தா கூட்டத்துல நிக்கிற வேஷம் கெடைச்சாலும் ஒத்துக்கங்க. அங்க கத்துக்கற முக்கியமான விஷயம் கண்டினியூட்டி. தூரத்து ஷாட்ல எந்த வார்த்தைல டம்ளர எந்தக் கையால எடுத்தீங்களோ குளோசப்லயும் அதே வார்த்தைல அதே கையால எடுக்கணும், இல்லன்னா எடிட்டிங்ல ஒட்டாது, எவ்வளவு நல்லா நடிச்சாலும் அந்த ஷாட் போயிரும். அழுகை வரலன்னு கவலப்படாதீங்க, நெசத்துல மனுஷன் அழுகைய அடக்கத்தான் பாப்பான், அடக்குறத நடிங்க.

இதெல்லாம் ஒரு ஆறு மாசம் விடாம பண்ணிட்டு அப்புறமும் கிளாஸ் வேணும்னு தோணுச்சுன்னா தாராளமா போங்க, சகநடிகர்களோட பழகுறதுக்கு ஒரு எடம் தேவைதான். 1977ல ந.முத்துசாமி சென்னைல ஆரம்பிச்ச கூத்துப்பட்டறைங்கற நாடகக் குழுவுல இருந்து பசுபதி, கலைராணின்னு எத்தன பேரு வந்திருக்காங்க. புதுச்சேரி பல்கலைக்கழகத்துல சங்கரதாஸ் சுவாமிகள் பேர்லயே நிகழ்கலைப் பள்ளி இருக்கு, நாடகத்த பட்டப்படிப்பாவே படிக்கலாம். டெல்லி தேசிய நாடகப் பள்ளில மூணு வருஷப் படிப்பு, சேர்ந்தவங்களுக்கு மாசா மாசம் உதவித்தொகையும் உண்டு, ஆனா டிகிரியும் நாடகத்துல நடிச்ச அனுபவமும் கேப்பாங்க, வயசு வரம்பும் இருக்கு, அதனால ரொம்ப தள்ளிப் போடாதீங்க.

தனியார் கிளாஸ்னா பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு நாள் உள்ள உக்காந்து பாக்க விடச் சொல்லுங்க. யாரு எடுக்குறாங்க, எத்தன பேரு ஒரு பேட்ச்சுல, ஒருத்தருக்கு ஒரு நாள்ல எவ்வளவு நேரம் எந்திரிச்சு நடிக்க கிடைக்குதுன்னு பாருங்க, பாதி நேரம் வாத்தியாரு பேசிக்கிட்டே இருந்தா வேணாம். படத்துல சான்ஸ் உறுதின்னு சொன்னாலோ, போர்ட்போலியோங்கற போட்டோ ஆல்பத்துக்கு, சங்க கார்டுக்குன்னு தனியா காசு கேட்டாலோ அங்க ஒரு நிமிஷம் நிக்காதீங்க, ஆடிஷனுக்கு காசு கேக்குறவங்க கிட்டயும் அதேதான். என்ன பேப்பர் நீட்டினாலும் உடனே கையெழுத்து போட்டுராம வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, விவரம் தெரிஞ்ச ஒருத்தர் கிட்ட படிக்கச் சொல்லிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.