கணினி கேள்வி–பதில்: மூல நிரலிலிருந்து ஜேகியூ

கேள்வி (கல்லூரிக் கணினி ஆய்வக உதவியாளர் ஒருவர்): ஜேசன் கோப்புகளைக் கையாள ஜேகியூ என்னும் கட்டளை வரிக் கருவியைப் பயன்படுத்துகிறோம். எங்கள் உபுண்டு 22.04 கணினிகளில் ஏப்ட் என்ற பொதி நிறுவி வழியாகக் கிடைப்பது 1.6 பதிப்பு. நீளமான ரசீது எண்களின் கடைசி இலக்கத்தை அது மாற்றிவிடுகிறது. எனவே 1.7.1 பதிப்பின் மூல நிரலைப் பதிவிறக்கி, கன்ஃபிகர், மேக், சூடோ மேக் இன்ஸ்டால் மூன்றையும் பிழையில்லாமல் முடித்தேன். ஆனால் பதிப்பைக் கேட்டால் இன்னமும் 1.6 என்றே வருகிறது. 'விச் ஜேகியூ' என்று கேட்டாலோ புதியது இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. பழையதை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவ வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் செய்தது சரியாகவே நடந்திருக்கிறது. ஏப்ட் தந்த ஜேகியூ /யுஎஸ்ஆர்/பின் கோப்புறையில் இருக்கிறது. நீங்கள் கம்பைல் செய்தது (மூல நிரலிலிருந்து இயங்கும் நிரலாக மாற்றியது), வேறு இடம் சொல்லாததால், /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் கோப்புறைக்குப் போயிருக்கிறது. கட்டளைகளைத் தேடும் கோப்புறைகளின் பட்டியலான பாத் வரிசையில், உபுண்டுவில் லோக்கல் முன்னால் வருவதால் புதியதுதான் ஓட வேண்டும். ஆனால் டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் ஷெல், ஒரு கட்டளையை முதல்முறை தேடிக் கண்டுபிடித்ததும் அதன் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அதே டெர்மினலில் அடுத்த முறை தேடாமல் நேராக அங்கேயே போகும். கம்பைல் செய்வதற்கு முன்பு அந்த டெர்மினலில் ஜேகியூவை ஒருமுறை ஓட்டியிருப்பீர்கள். 'விச்' என்பது தனி நிரல் என்பதால் பேஷின் நினைவு அதற்குத் தெரியாது. அது பாத் வரிசையைப் புதிதாகத் தேடி விடை சொல்கிறது. 'டைப் ஜேகியூ' என்று கேட்டுப் பாருங்கள். 'ஹேஷ்ட்' என்ற சொல்லோடு பழைய இடத்தைக் காட்டும். 'ஹேஷ் -ஆர்' என்று கட்டளையிட்டாலோ, புதிய டெர்மினலைத் திறந்தாலோ இது தீர்ந்துவிடும்.

இதோடு நிறுத்திக்கொள்ளாமல் இன்னொன்றையும் சரிபாருங்கள். ஜேகியூவின் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது லிப்ஜேகியூ என்ற பகிர்வு லைப்ரரி; நிரல் கோப்பு அதைத் தொடக்கத்தில் ஏற்றிக்கொள்கிறது. மேக் இன்ஸ்டால் புதிய லைப்ரரியை /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் கோப்புறையில் வைத்தாலும், லைப்ரரிகள் இருக்கும் இடங்களைப் பட்டியலிட்ட தற்காலிகக் கோப்பில் அது பதிவாகும் வரை, புதிய நிரல் ஏப்ட் வைத்த பழைய லைப்ரரியோடு இணைந்துவிட வாய்ப்புண்டு. அப்படி இணைந்தால் விளைவை நம்ப முடியாது. 'சூடோ எல்டிகன்ஃபிக்' என்று ஒருமுறை ஓட்டிவிட்டு, 'எல்டிடி' கட்டளையைக் கொண்டு எந்த லைப்ரரி ஏற்றப்படுகிறது என்று பாருங்கள். பிறகு 9007199254740993 என்ற எண்ணை ஜேகியூவுக்குள் அனுப்பி, அதை அப்படியே திருப்பித் தரச் சொல்லுங்கள். 1.6 பதிப்பு எல்லா எண்களையும் இரட்டைத் துல்லிய மிதவைப் புள்ளியாக மாற்றிவிடுவதால், இரண்டின் 53-ஆம் அடுக்கைத் தாண்டியதும் தடுமாறி, கடைசி 3 என்பதை 2 ஆக்கிவிடும். 1.7 முதல், கணக்கு எதுவும் செய்யாதவரை எண் வந்தபடியே வெளியேறும். உங்கள் ரசீது எண்களுக்கு நடந்ததும் இதுதான். பதிப்பு எண்ணைக் கேட்பதைவிட இந்தச் சோதனையை நான் அதிகம் நம்புவேன்.

பழைய ஜேகியூ இருந்துவிட்டுப் போகட்டும். வேறு பொதிகள் அதைச் சார்ந்திருக்கலாம். ஆனால் குறித்த நேரத்தில் பணிகளைத் தானாக ஓட்டும் கிரான் வழியாக இரவில் ஓடும் ஸ்கிரிப்டுகளைக் கவனியுங்கள். பயனரின் கிரான் பணிகளுக்கு உபுண்டு தரும் பாத் மிகக் குறுகியது. அதில் /யுஎஸ்ஆர்/பின், /பின் இரண்டு மட்டுமே உண்டு. ஆகவே பகலில் உங்கள் கையால் ஓட்டினால் சரியாக வரும் ரசீது எண், இரவில் தானாக ஓடும்போது தவறாக வரும். கிரான் கோப்பின் தலைப்பில் பாத் வரியைச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்த முறை கன்ஃபிகர் கட்டளையிலேயே ப்ரிஃபிக்ஸ் விருப்பத்தைக் கொடுத்து, உங்கள் ஹோம் கோப்புறைக்குள் இருக்கும் .லோக்கல் என்ற இடத்தைச் சொல்லுங்கள். சூடோ தேவைப்படாது, கணினியின் பிற பகுதிகளும் கலங்காது. இதில் ஒரு சிறு சிக்கல் உண்டு: அந்தப் பின் கோப்புறை புதிதாக உருவானதாக இருந்தால், வெளியேறி மீண்டும் லாகின் செய்த பிறகே பாத்தில் சேரும். எங்கே நிறுவினாலும் மூல நிரல் கோப்புறையை அழித்துவிடாதீர்கள். மேக் இன்ஸ்டால் செய்ததை ஏப்ட் அறியாது. நீக்க வேண்டுமானால் அதே கோப்புறைக்குள் நின்று 'மேக் அன்இன்ஸ்டால்' சொல்ல வேண்டும்.

கேள்வி (பொறியியல் மாணவி ஒருவர்): கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவி வழியாக குளோன் செய்த (களஞ்சியத்தை நகலெடுத்த) ஜேகியூவில் கன்ஃபிகர் என்ற கோப்பே இல்லை. வெளியீட்டுப் பக்கத்தில் கிடைக்கும் டார் கோப்பில் இருக்கிறது. இரண்டும் ஒன்றில்லையா?

பதில்: ஒன்றில்லை. கன்ஃபிகர் என்பது கையால் எழுதப்படுவதன்று. ஆட்டோகான்ஃப் உருவாக்கித் தருவது. அதனால் கிட் களஞ்சியத்தில் அதை வைப்பதில்லை. ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல் மூன்றையும் நிறுவிவிட்டு 'ஆட்டோரீகான்ஃப் -ஐ' என்று ஓட்டினால் அது உருவாகும். அதற்கு முன்பு கிட்டின் சப்மாட்யூல்களையும் (உள்ளே இணைக்கப்பட்ட பிற களஞ்சியங்களையும்) இறக்கிக்கொள்ளுங்கள். ரெகுலர் எக்ஸ்பிரஷன்களுக்கு ஜேகியூ நம்பியிருக்கும் ஓனிகுருமா லைப்ரரி அப்படித்தான் வந்து சேர்கிறது. டார் கோப்பைத் தயாரிப்பவர் இந்த வேலையை உங்களுக்காக முன்கூட்டியே செய்து தருகிறார்.

இந்த இடைவெளியில்தான் 2024-இல் தரவைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியின் பின்வாசல் (ரகசிய நுழைவழி) ஒளிந்திருந்தது. அதன் 5.6.0, 5.6.1 டார் கோப்புகளில், கிட் களஞ்சியத்தில் இல்லாதபடி மாற்றப்பட்ட ஒரு எம்4 கோப்பு (கன்ஃபிகரை உருவாக்கப் பயன்படும் கோப்பு) இருந்தது. சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் புதைந்திருந்த நிரலை கம்பைல் நேரத்தில் எடுத்து இணைப்பதற்கு அது வழி செய்தது. எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினியில் நுழையும் முறை) லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார். கோப்பின் சரிபார்ப்பு எண்ணான செக்சம் சரியாக இருந்தால் கோப்பு வழியில் சேதமாகவில்லை என்று மட்டுமே பொருள். பராமரிப்பாளராக நுழைந்தவரே கைவைத்திருந்தால், அவர் இடும் டிஜிட்டல் கையொப்பமும் காப்பாற்றாது. குளோன் செய்து நீங்களே ஆட்டோரீகான்ஃப் ஓட்டுவது சற்றுத் தொல்லைதான். இருந்தாலும் அந்தத் தொல்லையை நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி (சர்வர் பராமரிப்பாளர் ஒருவர்): உபுண்டு 22.04-இல் கம்பைல் செய்த ஜேகியூவை 20.04 சர்வருக்கு நகலெடுத்தேன். 'ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை' என்று நின்றுவிடுகிறது.

பதில்: ஜிலிப்சி என்பது லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி லைப்ரரி. 22.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.35, 20.04-இல் இருப்பது 2.31. பழையதில் கம்பைல் செய்தது புதியதில் ஓடும். புதியதில் கம்பைல் செய்தது பழையதில் ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நிரலின் தொடக்க வாயிலான செயல்கூறே 2.34-இல் புதிய பதிப்புக் குறியைப் பெற்றுவிட்டது. எனவே ஒரு வரியை மட்டும் அச்சிடும் சி நிரலைக்கூட 22.04-இல் கம்பைல் செய்து கொண்டுபோனால் இதே பிழைதான் வரும். சர்வரின் ஜிலிப்சியை மேம்படுத்தப் போகாதீர்கள். இயங்குதளம் முழுவதும் அதன்மீது நிற்கிறது. 20.04 சூழலைத் தனியாக அடைத்துத் தரும் கண்டெய்னர் ஒன்றுக்குள் கம்பைல் செய்யுங்கள், அல்லது கன்ஃபிகரில் 'எனேபிள் ஆல் ஸ்டாட்டிக்' விருப்பத்தைக் கொடுத்து லைப்ரரிகள் அனைத்தையும் நிரலுக்குள்ளேயே அடைத்துவிடுங்கள். ஜேகியூ சிறியது என்பதால் இரண்டாவது வழியே எளிது.

கேள்வி (கணக்கர் ஒருவர்): லினக்ஸில் ஓடும் ஜேகியூ கட்டளை விண்டோஸில் ஓடுவதில்லை. நிறுவலில் கோளாறா?

பதில்: விண்டோஸில் கம்பைல் செய்யத் தேவையே இல்லை, வின்கெட் என்ற பொதி நிறுவி வழியாக நிறுவிக்கொள்ளலாம். சிக்கல் மேற்கோள் குறியில் இருக்கிறது. லினக்ஸ் ஷெல் ஒற்றை மேற்கோளுக்குள் இருப்பதை ஒரே துண்டாக எடுத்துக்கொள்ளும். விண்டோஸின் சிஎம்டிக்கோ ஒற்றை மேற்கோள் சாதாரண எழுத்து, இரட்டை மேற்கோளை மட்டுமே அது மதிக்கும். பவர்ஷெல் ஒற்றை மேற்கோளை ஏற்கும், ஆனால் 5.1 பதிப்பு, உள்ளே இருக்கும் இரட்டை மேற்கோள்களை நிரலிடம் ஒப்படைக்கும்போது தின்றுவிடும், 7.3-இல் அதைச் சரிசெய்தார்கள். வடிகட்டியை (மேற்கோளுக்குள் ஜேகியூவுக்குத் தரும் கட்டளைப் பகுதியை) தனிக் கோப்பில் எழுதி '-எஃப்' விருப்பத்தின் மூலம் கொடுத்தால், மூன்று இடங்களிலும் ஒரே கட்டளை ஓடும். வெளியீட்டை லினக்ஸுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் '-பி' விருப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; வரி முடிவில் விண்டோஸ் நுழைக்கும் கூடுதல் எழுத்து அதனால் தவிர்க்கப்படும்.