ஃபெண்டரை வெட்டுவதற்கு முன் தூக்குக்குண்டு கட்டிப் பாருங்கள்

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன். 2012 மாடல் ஆடி டிடி குவாட்ரோ ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இப்போது இருப்பது 18 இன்ச், 9ஜே (அதாவது ரிம் அகலம் 9 இன்ச்), ஆஃப்செட் 52 வீல், டயர் 245/40. பின்னால் மட்டும் 10ஜே, ஆஃப்செட் 25 வீலும் 265/35 டயரும் போட்டு, ஃபெண்டருக்கு (சக்கரத்துக்கு மேலுள்ள பாடித் தகடு) ஃப்ளேர் (சக்கரத்தை மறைக்க வெளியே நீட்டும் வளைவு) வைக்க ஆசை. டிங்கரிங் ஷெட்டில் இரண்டு நாள் வேலை என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: ‘பின்னால் மட்டும்’ என்ற யோசனையை முதலில் விடுங்கள். பின்சக்கரம் மட்டும் இழுக்கிற கார்களில் அப்படிச் செய்வார்கள். உங்களுடையது குவாட்ரோ, அதாவது நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகிற கார். இன்ஜின் முன்னால் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது, முன் சக்கரங்கள்தான் பெரும்பாலும் இழுக்கின்றன, பின்னாலுள்ள ஹால்டெக்ஸ் கிளட்ச் தேவைப்படும்போது பின் சக்கரங்களுக்கு சக்தியைத் தள்ளுகிறது. நான்கு டயரும் ஒரே சுற்றளவில் இருக்கும் என்ற கணக்கில் செய்த அமைப்பு இது.

245/40 டயரின் விட்டம் 653 மி.மீ. 265/35 டயருக்கு 643. பத்து மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். சுற்றளவில் அது 33 மி.மீ. இங்கிருந்து சென்னை 140 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், போய்ச் சேர்வதற்குள் பின் சக்கரம் முன் சக்கரத்தைவிடச் சுமார் 1,100 சுற்று கூடுதலாகச் சுற்றியிருக்கும். நேர் ரோட்டிலேயே இந்த வித்தியாசம் ஓய்வில்லாமல் ஹால்டெக்ஸ் மேல் விழும். மாற்றுவதென்றால் நான்கையும் ஒரே அளவில் மாற்றுங்கள்.

அடுத்தது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, வீல் ஹப்பில் (வீலை போல்ட் போட்டு மாட்டுகிற சுழலும் நடுப்பகுதி) போய் ஒட்டுகிற முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதுதான் அந்த எண். எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். 9ஜே என்றால் 228.6 மி.மீ. அகலம். அதில் பாதி 114. அதிலிருந்து 52-ஐக் கழித்தால், இப்போது ரிம்மின் விளிம்பு ஹப்பிலிருந்து 62 மி.மீ. வெளியே நிற்கிறது. 10ஜேயில் பாதி 127. அதில் 25 போனால் 102. ஆக ஒவ்வொரு பக்கமும் 40 மி.மீ., ஏறக்குறைய இரண்டு விரற்கட்டை, வெளியே வருகிறது. அதனால்தான் ஃப்ளேர் இல்லாமல் முடியாது என்று ஆகிறது. அதே அளவை முன்னாலும் போட்டால் ஸ்டீயரிங்கின் குணமே மாறிவிடும். பள்ளத்தில் ஒரு பக்கச் சக்கரம் இறங்கினால் ஸ்டீயரிங் கையிலிருந்து வெட்டி இழுக்கும். பேரிங்கின் ஆயுளும் குறையும்.

சரி, ஃப்ளேருக்கு வருவோம். ‘இரண்டு நாள் வேலை’ என்றவர் உங்கள் காரின் பாடி எதனால் ஆனது என்று கேட்டாரா? இந்தத் தலைமுறை டிடியின் பாடியில் பெரும்பகுதி அலுமினியம். கதவும் பின்பக்கத் தரையும் இரும்பு. முன் ஃபெண்டர் அலுமினியம். இரும்புத் தகட்டைச் சூடுகாட்டித் தட்டி மடக்குகிற கைப்பழக்கம் இதில் செல்லாது, விளிம்பு கீறிக்கொள்ளும். வெட்டிய இடத்தில் சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டு ஃப்ளேரை முடுக்கினால், இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்து ஸ்க்ரூவைச் சுற்றி அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து அரிக்கும். பெயின்ட் கொப்பளிக்கும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும்.

ஒட்டுவது மட்டும் என்றால்? என்னிடம் வந்த ஒரு காரில் ஃபைபர் ஃப்ளேரை டூ-வே டேப்பில் ஒட்டி, இடுக்கைப் பட்டி வைத்து மூடி, பெயின்ட் அடித்திருந்தார்கள். நம்மூர் சித்திரை வெயில் ஒன்றுதான் தாண்டியிருந்தது. மேல் வளைவு முழுக்கத் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். நகத்தை விட்டால் உள்ளே போனது. ஃபைபர் வளையாது, வேகத்தடையில் இடித்தால் உடையும். ஃப்ளேர்தான் வேண்டும் என்றால் வளைந்துகொடுக்கிற பாலியூரித்தேன் வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவுக்கு அடியில் நைலான் வாஷர் போடச் சொல்லுங்கள், வெட்டிய விளிம்புக்கு எபாக்சி பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். பட்டி வேண்டாம், விளிம்பில் ரப்பர் பீடிங் போதும். பழைய வீலை வைத்துக்கொண்டு அழகுக்காக மட்டும் ஃப்ளேர் வைப்பவர்களும் உண்டு. ராஜா இல்லாத கோட்டை என்று நம்ம வேலூரைக் கிண்டல் செய்வார்களே, அந்தக் கதைதான்.

நானாக இருந்தால் ஃபெண்டரில் கை வைக்க மாட்டேன். 9.5ஜே, ஆஃப்செட் 45 வீல் நான்கு வாங்குவேன். உள்பக்கம் ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கும், வெளியே 13 மி.மீ. வரும். இப்போதுள்ள 245/40 டயரே இந்த ரிம்முக்குப் பொருந்தும். ஸ்பீடோமீட்டரும் மாறாது, ஹால்டெக்ஸுக்கும் தொல்லை இல்லை.

அந்த 13 மி.மீ. உங்கள் காரில் இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கிக்கொள்ளுங்கள். காரைச் சமதரையில் நிறுத்தி, ஃபெண்டர் விளிம்பிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் பிதுங்கிய பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். நான்கு பக்கமும் அளக்க வேண்டும். அடிபட்ட காராக இருந்தால் இடமும் வலமும் ஒன்றாக இருக்காது. வீல் மாட்டியபின் டயர் விளிம்பில் சாக்பீஸ் தேய்த்து, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏலகிரி போங்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவில், ஸ்டீயரிங் முழுக்கத் திரும்பி ஸ்பிரிங்கும் அமுங்கும்போது உரசினால், சாக்பீஸ் தடம் ஃபெண்டரின் உள்பக்க மறைப்பான லைனரில் பதிந்திருக்கும்.

ஆடி கம்பெனி வீல் அல்லாத வெளி வீல் வாங்கும்போது பி.சி.டி. (போல்ட் ஓட்டைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும்) 5×112, நடு ஓட்டை 57.1 மி.மீ. என்று பாருங்கள். நடு ஓட்டை பெரிதாக இருந்தால், அந்த இடைவெளியை அடைக்கிற ஹப் ரிங் கட்டாயம். ஆடியின் போல்ட்டில், வீலில் உட்காருகிற தலையின் அடிப்பகுதி உருண்டை. வெளி வீல்கள் பெரும்பாலும் கூம்பு வடிவ போல்ட்டுக்குச் செய்தவை. பழைய போல்ட்டையே மாட்டினால் முடுக்கியது போலத் தெரியும், ஆனால் சரியாக உட்காராது. வீலோடு பொருந்தும் போல்ட்டையும் சேர்த்தே கேளுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஃபெண்டரை வெட்டி அகலப்படுத்துவது இதில் மாட்டக்கூடிய வேலை. வீல் மாற்றுவதானாலும் இன்ஷூரன்ஸ்காரர்களிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலை வாங்கி வையுங்கள். பழைய வீல் நான்கையும் விற்காதீர்கள்.

போல்ட்டை 120 நியூட்டன் மீட்டரில், டார்க் ரெஞ்சால் முடுக்கச் சொல்லுங்கள். ஏர் கன்னால் அடித்து முடிக்க விடாதீர்கள். அப்புறம் ஆம்பூர் வரை போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தால் நூறு கிலோமீட்டர் ஆகிவிடும். வீல் ஆறியதும் அதே ரெஞ்சை இன்னொரு முறை வைத்துப் பாருங்கள்.