மாதக்கணக்கில் கப்பலிலேயே இருக்கும் கடற்படையினருக்கு மன அழுத்தம் வராதா? தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ள மாட்டார்களா?

தம்பி அக்னிவீரர் பயிற்சிக்கு ஒடிசாவில் உள்ள சில்கா கடற்படைப் பயிற்சி மையத்துக்குப் போகிறான், அதனால் கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் 2004 முதல் 2019 வரை கடற்படையில் என்ஜின் ரூமில் வேலை பார்த்தவன். இப்போது திருத்துறைப்பூண்டி பக்கம் விவசாயம்.

அழுத்தமும் வரும், சண்டையும் வரும். ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையர்களைத் தடுக்க 2008 அக்டோபரிலிருந்து நம் கப்பல்கள் மாறி மாறி ரோந்து போகின்றன. நானும் போனேன். கொள்ளையர் பயம் சில நாளில் பழகிவிட்டது. தூக்கம் இல்லாததுதான் கடைசி வரை பழகவில்லை.

நான்கு மணி நேரம் வாட்ச் (முறை வைத்துப் பார்க்கும் பணி), எட்டு மணி நேரம் ஓய்வு என்பது கணக்கு. மாலை 4 முதல் 8 வரை உள்ள வாட்ச்சை மட்டும் இரண்டாகப் பிரிப்பார்கள். அப்போதுதான் ஒரே ஆளுக்குத் தினமும் நள்ளிரவு வாட்ச் வராது. ஆனால் பராமரிப்பு, சுத்தம் செய்வது, ஒத்திகை, திடீர் அலாரம் எல்லாம் அந்த எட்டு மணி நேரத்துக்குள்தான் வரும். 2017-ல் இரண்டு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் இரண்டு மாத இடைவெளியில் வணிகக் கப்பல்களோடு மோதி 17 மாலுமிகள் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்த காரணங்களில் தூக்கமில்லாத களைப்பும் ஒன்று.

அதனால் மாலுமிகள் சாப்பிட்டுத் தங்கும் இடமான மெஸ்ஸில் பெரும்பாலான சண்டை, ரிலீவ் பண்ண வேண்டியவன் பத்து நிமிடம் தாமதமாக வந்தான் என்பதில்தான் தொடங்கும். நம் ஊரில் முறைத் தண்ணீர் விடும்போது ராத்திரி இரண்டு மணிக்கு மடை மாற்ற வர வேண்டியவன் வராவிட்டால் அண்ணன் தம்பிக்குள்ளேயே பேச்சு நின்றுபோகும் இல்லையா, அதேதான். நேரத்துக்கு முன்பே வந்து நிற்பவனோடு மொழி ஒத்துப்போகாவிட்டாலும் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். ஒருவரையொருவர் பிடித்துப்போவது வேறு, வேலையில் நம்புவது வேறு என்று ஆய்வாளர்களும் பிரித்துச் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் நம்பிக்கைதான் முதலில் வந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது நான் அந்த ரோந்தில் இருந்தேன். ஊரில் மின்சாரம் இல்லை, செல்போன் டவர் இல்லை. அம்மா இருக்கிறாரா, வீடு நிற்கிறதா என்று ஐந்து நாள் எதுவும் தெரியவில்லை. என்னோடு வாட்ச் பார்த்த ஒடிசாக்காரர், 1999 பெரும்புயலைச் சிறுவயதில் பார்த்தவர். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு ராத்திரி என் நள்ளிரவு வாட்ச்சைத் தானே எடுத்துக்கொண்டு, "போய்ப் படு" என்றார். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

ஆனால் இந்த ஒற்றுமையாலேயே ஒரு தவறும் செய்தோம். எங்களில் ஒரு பையன் நாள் கணக்கில் தூங்காமல், யாரிடமும் பேசாமல் இருந்தான். அவன் பெயர் கெடக்கூடாது என்று அவன் வேலையையும் நாங்களே செய்து மேலதிகாரிக்குத் தெரியாமல் மறைத்தோம். ஒருநாள் தவறான வால்வைத் திறக்கப் போனான். நல்லவேளை, பக்கத்தில் ஆள் இருந்தது. அப்புறம்தான் கப்பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். முதல் வாரமே போயிருக்க வேண்டும்.

தம்பியிடம் இதை அவசியம் சொல்லுங்கள்: கூட இருப்பவனின் வாட்ச்சை வாங்கிக்கொள்ளலாம், அவன் உடம்பு, மனசு சரியில்லாததை மறைக்கக் கூடாது. அந்தப் பையன் சில வாரத்தில் தேறி மறுபடி வாட்ச்சுக்கு வந்தான். இப்போதும் பொங்கலுக்கு எனக்குப் போன் பண்ணுகிறான்.