தலையில் முடிப்புள்ளி குத்தும் முறை எங்கே தொடங்கியது? வழுக்கைக்கு அது கைகொடுக்குமா?

என் பின்னந்தலையில் ஒரு காதுப் பக்கத்திலிருந்து மறு காதுப் பக்கம்வரை ஒரு தழும்பு ஓடுகிறது. 2008இல், முப்பத்தொரு வயதில், முடி நடும் அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது வந்தது. பின்தலையில் முடியோடு சேர்த்துத் தோலை ஒரு நாடாவைப்போல அறுத்தெடுத்து, வேர்களைப் பிரித்து முன்நெற்றியில் நடுவார்கள். நட்ட முடி நின்றது. அதைச் சுற்றியிருந்த சொந்த முடி உதிர்ந்துகொண்டே போனது. சரி, ஒட்ட வெட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்றால் தழும்பு விடவில்லை. "பின்னால் என்ன அண்ணே, விபத்தா?" என்று முடிதிருத்துபவர் கேட்ட நாளில் வீட்டுக்கு வந்து வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். தலைத்தோலில் முடிபோலத் தெரியும் நிறமிப் புள்ளிகளை ஊசியால் குத்தும் மைக்ரோபிக்மென்டேஷன் செய்துகொண்டது அந்தத் தழும்புக்காகத்தான்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. இந்த முறை மருத்துவத்துக்குள் நுழைந்ததே அறுவை சிகிச்சை விட்டுப்போன குறைகளை மறைப்பதற்காகத்தான். நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1959இல் முடி நடும் முறையைப் பற்றி எழுதினார். பின்தலை முடியை எங்கே நட்டாலும் அது தன் குணத்தோடே வளரும் என்று காட்டியவர் அவர். ஆனால் அன்றைய ஒட்டுகள் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டங்கள். பல தலைகள் பொம்மையின் தலையைப்போல, கொத்துக்கொத்தாக முடி முளைத்து நின்றன. பிறகு நாடா வெட்டு வந்தது, என்னுடையதைப் போன்ற தழும்புகளும் வந்தன. 2001இல் டிராக்கினா என்ற மருத்துவர், தலைத்தோல் அழகு அறுவை சிகிச்சைக்குத் துணையாக நிறமி குத்துவதைப் பற்றித் தோல் அறுவை சிகிச்சை இதழ் ஒன்றில் எழுதினார். கவனியுங்கள், துணையாகத்தான்.

தழும்பை மறைப்பதிலிருந்து முழுத்தலைக்குப் பரவியதில் இங்கிலாந்தின் பர்மிங்காமுக்குப் பெரிய பங்கு உண்டு. தன் முடியையே இழந்த இயன் வாட்சனும் ரன்பீர் ராய்-வாட்சனும் அங்கே 2000களின் தொடக்கத்தில் ஒரு நிலையத்தைத் தொடங்கினார்கள். வழுக்கையை மறைக்காமல், மழித்த தலையில் முடியின் அடிக்கட்டைகள் தெரிவதைப்போலப் புள்ளிகளை வைத்தார்கள். தலையை மழித்துக்கொள்வது ஆண்களிடையே இயல்பான தோற்றமாக மாறியிருக்காவிட்டால் இந்த யோசனை எடுபட்டிருக்காது என்பது என் எண்ணம். முடி உதிர்வுக்கான மருந்துகளில் மினாக்சிடில் 1988இலும், ஃபினாஸ்டரைடு 1997இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டன. ஆனால் உதிர்ந்து பல ஆண்டு ஆன பளபளப்பான தலைக்கு அவற்றால் ஆவது குறைவு.

லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ராஸ்மன் செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். நாடா வெட்டாமல் வேர்களை ஒவ்வொன்றாக எடுக்கும் முறையை 2002இல் எழுதிய குழுவில் அவர் இருந்தார். முடி நடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், தழும்புக்கும் அடர்த்திக் குறைவுக்கும் நிறமிப் புள்ளிகளையும் கையில் எடுத்து, மருத்துவ இதழ்களில் எழுதினார்.

இனி, இதில் உள்ள உண்மையான சிக்கல். அது நம் மொழியிலேயே இருக்கிறது. நாம் இதைப் 'பச்சை' குத்துதல் என்றோம். என் பாட்டியின் முன்கையில் இருந்த கோலத்தைக் கரியால்தான் குத்தினார்களாம். நான் பார்த்தபோது அது பச்சையும் நீலமுமாக இருந்தது. தோலுக்குள் நுழையும் ஒளியில் நீலப்பகுதி எளிதில் சிதறித் திரும்பிவிடுகிறது, மற்றதைக் கரி விழுங்கிவிடுகிறது. ஆழம் கூடினால் நீலமும் கூடும். கையில் அது அழகு. தலையில் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் ஊசியின் ஆழம்தான் எல்லாம். மேல்தோலில் நின்றால் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். அதற்குக் கீழே உள்தோலின் மேற்பகுதியில் நிற்க வேண்டும். இன்னும் இறங்கினால் புள்ளி பரவி நீலமாகும். ஒரு முடியின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போவது அரிது. ஆகவே புள்ளி கொஞ்சம் பரவினாலும் கண் கண்டுபிடித்துவிடும். தோலில் உள்ள விழுங்கணுக்கள், அதாவது அயல்பொருளை விழுங்கும் உயிரணுக்கள், நிறமியைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவை இறக்கும்போது வெளிவரும் நிறமியைப் புதிய அணுக்கள் மறுபடி விழுங்குகின்றன என்று பிரான்சின் மார்செய் ஆய்வாளர்கள் 2018இல் எலிகளில் காட்டினார்கள். பச்சை ஆயுளுக்கும் நிற்பது இப்படித்தான். ஆனாலும் சில ஆண்டுகளில் புள்ளிகள் வெளிறும், மறுபடி குத்திக்கொள்ள வேண்டும். சில மாதங்களிலிருந்து ஓரிரண்டு ஆண்டுகளில் மறையும் நிறமியை வைத்து இத்தாலியில் ஒரு தனி முறையே வளர்ந்தது. முதல்முறை செய்பவருக்கு அதுவே நல்லது என்பேன்.

எனக்கு மூன்று அமர்வுகள் ஆயின. தழும்புத் தோல் நிறமியைச் சீராக வாங்காது, முதல் அமர்வில் பாதி மறைந்தே போனது. இப்போது முடியை ஒட்ட வெட்டினால் கோடு கண்ணில் படுவதில்லை. தடவினால் இருக்கிறது.

கைகொடுக்குமா என்று கேட்டீர்கள். முடியை ஒட்ட வெட்டிக்கொள்ளத் தயார் என்றால், கொடுக்கும். முடி நரைக்கும், புள்ளி நரைக்காது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். முன்நெற்றிக் கோட்டை ஸ்கேல் வைத்து வரைந்ததுபோலக் கேட்காதீர்கள், இருபத்தைந்து வயதுக் கோடு ஐம்பது வயது முகத்தில் நிற்காது. செய்பவரிடம் அன்றைக்கு எடுத்த படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூன்று ஆண்டுக்கு முன் அவரிடம் செய்துகொண்ட ஒருவரை நேரில், வெயிலில் நிறுத்திப் பாருங்கள்.