மகளின் சான்றிதழ்களில் இல்லாத 21 நாள்

கேள்வி: முனைவர் பட்டம் முடித்த என் மகள் மயிலாடுதுறை பக்கம் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர். சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சனி, ஞாயிறு என்றால் ஆன்லைன் பயிற்சிதான். முப்பது சான்றிதழ் சேர்த்துவிட்டாள். பதவி உயர்வுக்கு இதெல்லாம் உதவுமா?

பதில்: ஐயா, முப்பதையும் மேசையில் பரப்பி, தேதி போட்ட வரியை மட்டும் பாருங்கள். ஒரு நாள் வெபினார், இரண்டு நாள் பட்டறை எல்லாம் ஒரு ஓரமாகப் போகட்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் பயிற்சி என்று கணக்கில் வரவே குறைந்தது ஒரு வாரம், அதாவது 5 நாள் வேண்டும்.

மகள் இப்போது ஊதிய நிலை 10-ல் இருப்பார். 11-க்குப் போக, முனைவர் பட்டம் இருப்பதால் 4 வருடப் பணி. முனைவர் பட்டமோ எம்.ஃபில். பட்டமோ இல்லாதவர்களுக்கு 6. அதற்குள் கட்டாயம் முடிக்க வேண்டியது கற்பித்தல் முறை பற்றிய 21 நாள் ஓரியண்டேஷன், அதாவது புதிய ஆசிரியர்களுக்கான அறிமுகப் பயிற்சி. கூடவே பாட அறிவைப் புதுப்பிக்கும் ரெஃப்ரெஷர் பயிற்சி ஒன்று, இல்லையென்றால் 5 நாள் பயிற்சி இரண்டு, அதுவும் இல்லையென்றால் மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்தில் சான்றிதழோடு முடித்த ஒரு படிப்பு.

முதலில் அந்த 21 நாளைப் பிடிக்கச் சொல்லுங்கள். பலர் மூன்று வருடம் தள்ளிப்போட்டு, நான்காம் வருடம் இடம் கிடைக்காமல் தவிப்பது இதில்தான். பழைய பேராசிரியர்கள் ‘ஸ்டாஃப் காலேஜ்’ என்பார்களே, அதுதான் 2023 முதல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையம். பக்கத்தில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே நடக்கும் ‘குரு தக்ஷதா’ அறிமுகப் பயிற்சி ஏறத்தாழ ஒரு மாதம் ஓடும். ஓரியண்டேஷனுக்கு அது போதும். விண்ணப்பத்தில் கல்லூரி முதல்வரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். பயிற்சி ஆன்லைனில் நடந்தால், ஆன்லைன் வகுப்புதானே என்று பணி விடுப்பு வாங்காமல் இருந்துவிட வேண்டாம். காலை பத்து மணிக்குப் பயிற்சியில் வருகை, அதே பத்து மணிக்குக் கல்லூரியில் வகுப்பெடுத்ததாகப் பதிவு என்றிருந்தால், கோப்பு பார்க்கிறவர் கேட்கத்தான் செய்வார்.

அடுத்தது ஸ்வயத்தில் என்பிடெல் படிப்பு, அதாவது ஐஐடிகள் சேர்ந்து நடத்துவது. சேரக் காசில்லை; தேர்வுக் கட்டணம் 1000 ரூபாய். பன்னிரண்டு வாரப் படிப்பில் வாராந்தரப் பயிற்சிகளில் சிறந்த எட்டுக்கு 25 மதிப்பெண், நேரடித் தேர்வுக்கு 75. முன்னதில் 10, பின்னதில் 30, இரண்டும் தனித்தனியாக எடுத்தாக வேண்டும். தேர்வை நன்றாக எழுதியும், வாரப் பயிற்சியைக் கடைசி நாளுக்கு விட்டுத் தவறவிட்டதால் சான்றிதழ் இழப்பவர்கள் உண்டு. ஜூலைப் பருவத்தில் சேர்ந்தால் தேர்வு அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம் என்று வரும். நம் பக்கம் அடைமழைக் காலம் அது. விடியற்காலையில் தேர்வு மையத்துக்குப் பஸ் பிடிக்கும் பாடு உங்களுக்கே தெரியும். ஜனவரிப் பருவம் மேல், தேர்வு ஏப்ரலில்.

2025 ஜனவரியில் மானியக் குழுவின் புதிய வரைவு விதிகள் வந்ததை யாராவது சொல்லிப் பயமுறுத்தியிருக்கலாம். வரைவை வைத்துத் திட்டம் போட வேண்டாம்.

காசு கட்டினால் மறுநாளே பிடிஎஃப் வரும் வார இறுதிச் சான்றிதழ்களை இன்றோடு நிறுத்திவிடலாம். இனி பதியும்போது, பணிப் பதிவேட்டில் இருக்கிறபடியே இனிஷியலும் பெயரும் போடட்டும். அப்பா பெயர் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்றிருந்தால் அதற்கென்று தனியாக ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டிவரும்.