கார் பாலிசியில் விபத்துக் கவர்: யாருக்கு எது வேண்டும்? – கேள்வி பதில்

கார் இன்சூரன்ஸ் என்றால் பம்பர், கண்ணாடி பற்றித்தான் பெரும்பாலும் கேள்வி வரும். இந்த முறை உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அடிபட்டால் என்ன கிடைக்கும் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பாலிசி விற்கிற பக்கமும் கிளைம் பார்க்கிற பக்கமும் இருந்தவன் என்பதால், தெரிந்ததை நேராகவே சொல்கிறேன்.

கேள்வி: சார், புதுக் கார் புக் செய்திருக்கிறேன். ஷோரூம் கொடுத்த கொட்டேஷனில் 'பி.ஏ. ஓனர் டிரைவர்', 'பி.ஏ. அன்நேம்டு பாசஞ்சர்', 'எல்.எல். பெய்டு டிரைவர்' என்று மூன்று வரி இருக்கிறது. எதை எடுத்துவிடலாம்?

பி.ஏ. என்றால் தனிநபர் விபத்துக் கவர். முதல் வரி உங்களுக்கானது. வண்டியின் உரிமையாளரே ஓட்டும்போது விபத்தில் இறந்தாலோ, நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 15 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இந்தத் தொகை 2018-ல் உயர்த்தப்பட்டது. இது கட்டாயம்தான், ஆனால் விலக்கு உண்டு. மரணம், நிரந்தர ஊனம் இரண்டுக்கும் சேர்த்து குறைந்தது 15 லட்சத்துக்குத் தனி விபத்து பாலிசி ஏற்கெனவே வைத்திருந்தால், உறுதிமொழி எழுதிக் கொடுத்து இதைத் தவிர்க்கலாம்.

இரண்டாவது வரி, காரில் கூட வருபவர்களுக்குப் பெயர் குறிப்பிடாமல் எடுக்கும் விபத்துக் கவர், அது உங்கள் விருப்பம். மூன்றாவது, டிரைவருக்கு அடிபட்டால் உங்கள் மேல் வரும் சட்டப் பொறுப்புக்கானது, சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருந்தால் மட்டும். வழக்கமாக அதற்குப் பிரீமியம் 50 ரூபாய்தான் வரும், யோசிக்காமல் எடுங்கள். டிரைவர் இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள்.

ஒன்று கவனியுங்கள். புதுக் காருக்கு தேர்ட் பார்ட்டி, அதாவது உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் இழப்புக்கான பாலிசி, மூன்று வருடத்துக்குக் கட்டியே ஆக வேண்டும். ஆனால் ஓனர் டிரைவர் கவரை ஒரு வருடத்துக்கு மட்டும் கேட்டு வாங்கலாம். ஷோரூமில் இதையும் மூன்று வருடத்துக்குச் சேர்த்துப் போட்டு நீட்டுவார்கள். அந்த வரியில் காலம் எவ்வளவு என்று பாருங்கள்.

கேள்வி: அந்த 15 லட்சத்தில் ஆஸ்பத்திரி பில்லும் அடங்குமா?

அடங்காது. அதிகம் பேர் ஏமாறுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாலிசியில் உள்ள பட்டியல் மிகச் சிறியது. மரணத்துக்கு முழுத் தொகை. இரண்டு கை, இரண்டு கால், இரண்டு கண் பார்வை, அல்லது ஒரு கை/கால் கூடவே ஒரு கண் பார்வை போனால் முழுத் தொகை. ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் பார்வை மட்டும் போனால் பாதி. வேறு காயங்களால் நிரந்தரமாக முற்றிலும் முடங்கிப்போனால் முழுத் தொகை. எதுவாக இருந்தாலும் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் ஏற்பட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் பட்டியல்.

இப்போது ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிகிறது என்று வையுங்கள். பிளேட் வைத்து ஆபரேஷன், மூன்று மாதம் வாக்கர், அதுவரை வேலைக்குப் போக முடியாது. எலும்பு கூடி நடந்துவிட்டால் இந்தக் கவரில் ஒரு ரூபாய்கூட வராது. விபத்தில் சிக்குகிறவர்களில் நிறையப் பேருக்கு நேர்வது இந்த மாதிரிதான்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஹெல்த் பாலிசி வேண்டும். வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு, தற்காலிக முடக்கத்துக்கு வாராவாரம் பணம் தரும் தனிநபர் விபத்து பாலிசி வேண்டும். எல்லாத் தனி பாலிசியிலும் அது இருக்காது, கேட்டு வாங்க வேண்டும். கார் பாலிசியில் நாலு ஆட்-ஆன் சேர்ப்பதைவிட இது ஒன்று உருப்படியான செலவு.

முதல் சில நாள் சிகிச்சைக்கு அரசுத் திட்டங்களும் கைகொடுக்கும். மத்திய அரசின் 2025 திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு 7 நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. இரண்டும் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில்தான்.

கேள்வி: கார் மனைவி பேரில் இருக்கிறது. அவருக்கு லைசென்ஸ் இல்லை, தினமும் ஓட்டுவது நான்தான். எனக்குக் கவர் உண்டா அண்ணா?

இல்லை தம்பி. ஓனர் டிரைவர் கவர் என்பது ஆர்.சி.யிலும் பாலிசியிலும் பெயர் இருந்து, செல்லுபடியாகும் லைசென்ஸும் வைத்திருப்பவருக்கு மட்டும். உங்கள் மனைவிக்கு லைசென்ஸ் இல்லாததால் அவர் அந்தப் பிரீமியம் கட்டவே தேவையில்லை, கட்டினாலும் வீண். நீங்கள் ஓனர் இல்லை. பாசஞ்சர் கவரும் வண்டியில் பயணம் செய்பவருக்குத்தான், ஓட்டுபவருக்கு இல்லை.

சரி, கோர்ட்டுக்குப் போகலாமா என்றால், உங்கள் தவறால் நடந்த விபத்துக்கு உங்கள் வண்டியின் இன்சூரன்ஸிடமே நீங்கள் இழப்பீடு கேட்க முடியாது. வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்துக்கு வந்துவிடுகிறார் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் பெயரில் தனிநபர் விபத்து பாலிசி எடுப்பதுதான் வழி. அது நண்பனின் காரில் போனாலும், பஸ்ஸில் போனாலும் கூடவே வரும். நம் ஊரில் பாதி வீடுகளில் கார் ஒருவர் பெயரில், சாவி இன்னொருவர் கையில். இதைக் கேட்டதற்கு நன்றி.

கேள்வி: ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருந்தால் கூட வரும் சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் என்கிறார்கள். அப்புறம் பாசஞ்சர் கவர் எதற்கு?

அவர்கள் சொல்வதும் சரிதான். சொந்தக் காருக்கு முழுப் பாலிசி (தேர்ட் பார்ட்டியோடு உங்கள் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுப்பது) இருந்தால், அதில் பயணம் செய்பவர்களுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய இழப்பீட்டைக் கம்பெனி ஏற்க வேண்டும். 2009-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் இதைச் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியது, 2012-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் அந்தப் பணம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வழியாகத்தான் வரும். முழு இழப்பீடு வேண்டுமென்றால் யார் தவறு என்று நிரூபிக்க வேண்டும், வருடக்கணக்கில் இழுக்கும். உங்கள் காரில் வந்த மைத்துனர், நீங்கள் கவனமில்லாமல் ஓட்டினீர்கள் என்று மனு போட வேண்டியிருக்கும். குடும்பத்துக்குள் அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பாசஞ்சர் கவரில் யார் தவறு என்ற பேச்சே இல்லை. ஆனால் தலைக்கு ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்ற அளவில்தான் இருக்கும், அதுவும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும். பிரீமியம் சில நூறு ரூபாய். வயதான பெற்றோரையோ, ஆபீஸ் நண்பர்களையோ அடிக்கடி ஏற்றிச் செல்கிறவர் என்றால் எடுங்கள். தனியாகப் போய்த் தனியாக வருகிறவருக்கு அவசியமில்லை.

கேள்வி: வண்டி பதினைந்து வயது. தேர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்று ஏஜென்ட் சொல்கிறார்.

வண்டிக்குப் போதும். ஆனால் வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் உங்கள் சொந்தக் காருக்குள் இருப்பவர்களுக்கான பொறுப்பு வராது, மேலே சொன்ன பாதுகாப்பு முழுப் பாலிசிக்குத்தான். குடும்பத்தோடு போகிற வண்டி என்றால், பாசஞ்சர் கவரைக் கட்டாயம் சேர்த்துத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு கார், ஒரு பைக். மூன்றிலும் ஓனர் டிரைவர் பிரீமியம் பிடிக்கிறார்கள்.

வேண்டியதில்லை. ஒன்று போதும். 2019 முதல் இதைத் தனிப் பாலிசியாகவும் வாங்கலாம், உங்கள் பெயரிலுள்ள எல்லா வண்டிக்கும் அதுவே செல்லும். ஒரு வண்டியின் பாலிசியோடு ஒட்டி வைத்திருந்தால், அந்த வண்டியை விற்கும் நாளில் கவரும் போய்விடும் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். பழைய ஓனர் கட்டிய கவர் எனக்கு வருமா?

வராது, அது அவர் தலைக்குக் கட்டியது. 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள், கூடவே உங்களுக்கென்று புதிதாகக் கவர் கேளுங்கள்.

கேள்வி: கிளைம் எதனால் நிராகரிக்கிறார்கள்?

குடித்துவிட்டு ஓட்டியது, லைசென்ஸ் காலாவதியானது. இந்த இரண்டும்தான் முக்கியமானவை. சொந்த உபயோகக் காரை வாடகைக்கு ஓட்டியபோது விபத்து என்றாலும் சிக்கல்தான்.

நிராகரிக்காமலேயே இழுத்தடிப்பதும் உண்டு. நாமினி கட்டம் காலியாக இருந்தால், குடும்பம் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் படியேற வேண்டும். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, லைசென்ஸ், ஊனம் என்றால் மருத்துவச் சான்று இவையெல்லாம் கேட்பார்கள். ஆன்லைனில் புதுப்பிக்கும்போது நாமினி இடத்தில் பழைய பெயரே தானாக வந்து நிற்கும். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயர் போட்டவர்கள் அதை ஒரு தடவை திறந்து பாருங்கள்.