மரச்சிற்பி ஃபைட் ஷ்டோஸ்: ஆவணங்கள் சொல்லும் வாழ்க்கை (கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, ஐந்நூறு வருஷத்துக்கு முன் வாழ்ந்த ஒரு ஜெர்மன் சிற்பியைப் பற்றி இவ்வளவு விவரம் எப்படிக் கிடைத்தது? டைரி எழுதினாரா?

பதில்: டைரி எதுவும் இல்லை. எல்லாம் நகரசபைப் பதிவுகள்தான். 1477இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்துக் குடியுரிமையை விட்டுக்கொடுத்துவிட்டு போலந்தின் கிராகோவுக்குப் போனார். 1483இல் கிராகோவ் நகரசபை அவருக்கு வரிவிலக்கு தந்தது. ஆனால் ஆளின் குணம் தெரிவது வழக்கு ஆவணங்களில்தான். யாரோடும் மோதாமல் இருந்திருந்தால் அவரைப் பற்றி இரண்டு வரிகூடத் தேறியிருக்காது.

கேள்வி: பத்திரமோசடி செய்தார் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். 1496இல் கிராகோவில் சம்பாதித்த பணத்தோடு நியூரம்பெர்க் திரும்பினார். யாகோப் பானர் என்ற வணிகரின் பேச்சைக் கேட்டு ஷ்டார்ட்ஸெடல் என்பவரின் வியாபாரத்தில் பணத்தைப் போட்டார். ஷ்டார்ட்ஸெடல் திவாலாக, போட்ட பணம் போயிற்று. பானர்தான் பொறுப்பு என்று காட்டுவதற்காக, அவருடைய கையெழுத்தையும் முத்திரையையும் போலியாக வைத்து ஒரு கடன்பத்திரம் தயாரித்தார். விஷயம் வெளியே வந்துவிட்டது. அந்தக் காலத்தில் இதற்கு மரண தண்டனைகூட உண்டு. நியூரம்பெர்க் நகரசபை இரக்கம் காட்டி, 1503 டிசம்பரில் இரு கன்னங்களிலும் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டது. அனுமதியில்லாமல் ஊரை விட்டுப் போகவும் கூடாது. செய்தது குற்றம்தான். ஆனால் ஏமாந்த மனிதரின் ஆத்திரமும் அதில் இருக்கிறது, அதை நான் ஒதுக்கமாட்டேன்.

கேள்வி: தடையை மீறி ஓடிப்போனாராமே?

பதில்: ஆமாம், 1504இல் மூன்னர்ஷ்டட் என்ற ஊரில் இருந்த மருமகனிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே தேவாலயத்தில் டில்மான் ரீமென்ஷ்னைடர் என்ற சிற்பி 1492இல் செதுக்கி முடித்த பலிபீடம் வண்ணம் பூசப்படாமல் நின்றது. ஷ்டோஸ் அதற்கு வண்ணம் பூசி, பலகைகளில் புனித கிலியன் கதையையும் வரைந்தார். செதுக்கியவருக்குக் கூலி 145 குல்டன் (அந்தக் காலத் தங்க நாணயம்), வண்ணம் பூசிய இவருக்கு 220! தங்கமுலாம், வண்ணம் எல்லாம் அவ்வளவு விலை. அந்தக் காலத்தின் இரண்டு பெரிய சிற்பிகளின் கை ஒரே பலிபீடத்தில் சேர்ந்ததற்கு இந்தத் தப்பி ஓட்டம்தான் காரணம்.

கேள்வி: பேரரசர் மாக்ஸிமிலியன் மன்னித்துவிட்டார் அல்லவா?

பதில்: 1506இல் மன்னிப்புக் கடிதம் வந்தது. நகரசபை மட்டும் இறங்கி வரவில்லை. அதன் பதிவில் அவர் ‘அமைதியில்லாத, உருப்படாத குடிமகன்’தான்.

கேள்வி: சூடுபட்ட பிறகு யார் வேலை கொடுப்பார்கள்?

பதில்: கொடுத்தார்கள். நியூரம்பெர்க் புனித லோரென்ஸ் ஆலயத்தில் அந்தரத்தில் தொங்கும் ‘தேவதூதரின் வாழ்த்து’ என்ற சிற்பம் அவர் 1517–18இல் செய்தது. சுற்றிலும் ரோஜா மாலை, நடுவில் கபிரியேலும் மரியாளும், எல்லாம் லிண்டன் மரம். செய்யச் சொன்னவர் அன்டன் டூஹர், அதே நகரசபையின் தலைமைப் பொருளாளர்.